அடுக்களை வரை

எண்பதுகளின் கடைசியில் நான் உட்கார்ந்துவிட்டேன். காய்ச்சல் இல்லை, கை கால் நன்றாகத்தான் இருந்தது. இராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி நெய்யும் தறிக்குப் போய்க்கொண்டிருந்தவன், ஒருநாள் காலையில் சைக்கிளைப் பார்த்ததுமே அலுத்துப்போய்த் திரும்ப வந்து கட்டிலில் உட்கார்ந்தேன். மாதங்கள் போயின.

காப்பியைக் கையில் கொடுத்தால் ருசித்துக் குடிப்பேன். அதுவே எனக்கு எதிரான சாட்சியாயிற்று. நாக்கு நன்றாக இருக்கிறவனுக்கு என்ன நோய் என்று தெருவே கேட்டது. நியாயமான கேள்விதான். நானும் அதையே என்னைக் கேட்டுக்கொண்டேன்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் மளிகைக்கடை வைத்திருந்த என் மனைவியின் அண்ணன் வந்தார். எதற்கும் கையில் தீர்ப்பு வைத்திருக்கிறவர். தங்கையிடம் சொன்னார்:

"கறி எடுத்து ஆக்கி அடுக்களையிலயே வையி. ஒருத்தரும் கையில கொடுக்காதீக. பசிச்சா தானா வருவாரு. வரலைன்னா பிள்ளையத் தூக்கிட்டு என்கூடக் கிளம்பு."

கறி கொதிக்கிற மணத்தில் வாயில் எச்சில் ஊறியது. எழுந்து போனால் சோறு, போகாவிட்டால் மனைவியும் பிள்ளையும் இல்லை. எல்லாம் தெளிவாகப் புரிந்தது. ஆனாலும் எழ முடியவில்லை. சாயங்காலம் வரை அப்படியே இருந்தேன்.

"பாத்தியா திமிர? கிளம்பு" என்றார் அவர். அவர் மேல் எனக்கு இன்றும் கோபம்தான்.

அவள் என் முகத்தையே பார்த்தாள். "திமிரு பிடிச்சவுக அழுவாகளாண்ணே? நான் வரல." நான் அழுதுகொண்டிருந்தது அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

மறுவாரம் அவள் என்னை மதுரையில் ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனாள். அவர் அவளிடம் சொன்னார்: "இவருக்கு ஆசை குறையலம்மா. ஒரு காரியத்துக்குப் பாடுபடலாமா வேண்டாமான்னு மூளை கணக்குப் பாக்கும். அதுக்கு டோபமைன் மாதிரி சில ரசாயனம் வேணும். அது சரியா வேலை செய்யலைன்னா, அடுக்களைக்குப் போறதே மலை ஏறுற மாதிரி இருக்கும்." மாத்திரை எழுதித் தந்தார். காப்பியைக் கையில் கொடுக்காமல், நான் எழுந்து எடுக்கிற மாதிரி கொஞ்சம் கொஞ்சமாகத் தூரத்தில் வைக்கச் சொன்னார்.

முதலில் தம்ளர் கட்டிலின் ஓரத்தில் இருந்தது. பிறகு ஜன்னலுக்குப் போனது. ஜன்னலிலேயே ரொம்ப நாள் இருந்தது. பல நாள் ஆறிப்போய்த் திரும்பியது. மறுநாளும் அவள் அதே இடத்தில் கொண்டுவந்து வைத்தாள்.

ஒரு காலையில் எங்குமே தம்ளரைக் காணோம். எழுந்து அடுக்களைக்குப் போனேன். அவள் அடுப்பைப் பற்றவைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் சட்டென்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"பால் இன்னும் காயல. செத்த நேரம் நில்லுங்க" என்றாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

நின்றேன்.