மாமா கேட்காமல் விட்ட கேள்வி

"...அதுக்கென்னம்மா, மொதல்ல மத்தவிய பேசட்டும். நான் செத்த நேரம் கழிச்சுக் கேட்டுக்கிடுதேன்," என்று என் தாய்மாமா செல்போனைப் பார்த்துக் கும்பிட்டார்.

போனுக்குள் இருந்த பெண், "நன்றி ஐயா" என்று அடுத்தவரைக் கூப்பிட்டுவிட்டார்.

பருவநிலை மாற்றம் பற்றிய இணையவழிக் கருத்தரங்கம் அது. கட்டணம் கிடையாது, விவசாயிகளும் கேட்கலாம் என்று வாட்ஸ்அப்பில் வந்தது. மாமாவின் பெயரையும் கேள்வியையும் நான்தான் எழுதி அனுப்பினேன். ராஜபாளையம் மில்லில் இரவு ஷிப்ட் முடித்து, கண் எரிய எரிய பஸ் பிடித்து ஸ்ரீவில்லிபுத்தூர் வந்ததும் இதற்காகத்தான்.

செண்பகத்தோப்பு போகிற வழியில் மாமாவுக்கு முப்பது மாமரம். மூன்று வருடமாகப் பூக்கிற சமயம் பார்த்து மழை அடிக்கிறது; பூவெல்லாம் கருகிக் கொட்டுகிறது. இன்னொரு வருடம் பொறுக்கலாமா, வெட்டிவிடலாமா? இதுதான் கேள்வி. வெட்டுகிறவரை மறுநாள் காலையிலேயே வரச் சொல்லியாகிவிட்டது.

மாமாவைத் தெரிந்தும், கூப்பிட்டதும் கேட்டுவிடுங்கள் என்று நான் சொல்லி வைக்காமல் விட்டேன். கல்யாண வீட்டில் முதல் பந்தியில் உட்காரவே மாட்டார். "கூப்ட ஒடனே ஒக்காந்தா, சோறு காணாதவன்னு சொல்லுவான்" என்பார். காப்பிக்குக்கூட இரண்டு தரம் வேண்டாம் என்று சொல்லி, மூன்றாம் தரம்தான் டம்ளரைத் தொடுவார். போனில் ஒரு தரம்தான் கூப்பிடுவார்கள் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

அடுத்தவர் பனிமலை உருகுவதைப் படம் போட்டுக் காட்டினார். அதற்கடுத்தவர் கடல் மட்டம் என்றார். மாமா சட்டைப் பொத்தானைக் கழுத்து வரை போட்டுக்கொண்டு, அசையாமல் காத்திருந்தார்.

"ஏட்டி, ஒங்க மாமாவ மறு பந்திக்காவது கூப்புடுவாகளான்னு கேளு," என்றாள் அத்தை, வெங்காயம் உரித்தபடி.

"நீ சும்மா கெட. படிச்சவிய பேசும்போது நடுவுல பூந்தா நல்லாவா இருக்கும்?"

நான் கை தூக்கும் பொத்தானை அமுக்கினேன். "ஐயா காத்திருக்கிறார்" என்று எழுதியும் போட்டேன். நேரம் போதவில்லை, மன்னிக்கவும் என்று சொல்லி முடித்துவிட்டார்கள். சான்றிதழுக்கான படிவம் மட்டும் வந்து நின்றது.

"என்னட்டி அது?"

"கலந்துக்கிட்டதுக்கு சர்டிபிகேட் தாராக, மாமா."

"நான் எங்க கலந்துக்கிட்டேன்? வாயே தொறக்கலையே."

அத்தைகூடச் சிரிக்கவில்லை. "கேள்விய மறுபடி அனுப்புதேன். பதில் வரும்," என்றேன்.

"எப்ப வரும்?"

"தெரியலயே, மாமா."

"வெட்டுதவரு ஆறு மணிக்கெல்லாம் வந்துருவாரே."

மாமா என் போனை ஓரமாக வைத்துவிட்டு, தன்னுடைய பழைய பட்டன் போனை எடுத்து வெட்டுகிறவரைக் கூப்பிட்டார். "அண்ணாச்சி, நாளைக்கு ஓடைக்கரைப் பக்கம் இருந்து ஆரம்பிங்க. கெணத்தடியில நாலு மரம் நிக்கும், அதக் கடைசியாப் பாத்துக்கிடலாம்," என்றார்.