பாதிக் குளிசையும் முழு ஷிஃப்டும்

இரத்தத்தை முதலில் கண்டவர் என் கணவர். வேலை முடிந்து வந்து, குசினியில் தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தேன்.

"இஞ்சேர், உம்மட காலில ரத்தம்," என்றார்.

குனிந்து பார்த்தேன். கதவடியிலிருந்து அடுப்படிவரை தரையில் சிவப்பு அடையாளங்கள். வலது காலுறை ஊறிக் கறுத்திருந்தது. எனக்கு எதுவும் நோகவில்லை. அந்த நோகாமைதான் முதல் அறிகுறி என்பது பின்னர்தான் விளங்கியது.

வாசலில் கழற்றி வைத்த சப்பாத்தைக் கவிழ்த்துப் பார்த்தோம். அடித்தோலைத் துளைத்துக்கொண்டு ஒரு கம்பித் துண்டு நின்றது. கணவர் குறட்டால் இழுத்தெடுத்தார். அந்தக் கம்பியின் மேல் ஒரு முழு ஷிஃப்ட் நின்றிருக்கிறேன்.

கம்பி எங்கிருந்து வந்தது என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை. நாங்கள் இருப்பது கனடாவில், ரொறன்ரோவின் கிழக்கோரம் மல்வேர்னில். வேலை தூர மேற்கே மிசிசாகாவில், ஒரு பிஸ்கட் தொழிற்சாலையில். வெதுப்பி அடுப்பிலிருந்து பிஸ்கட்டைக் கொண்டுவரும் கம்பிவலைப் பெல்ட் பழசாகி, துண்டு துண்டாகக் கொட்டிக்கொண்டிருந்தது. பக்கத்தில் நின்று வேலை செய்யும் பத்மா அக்காவும் நானும் அந்தத் துண்டுகளைக் கூட்டி அள்ளியிருக்கிறோம். இரண்டு பேரும் சேர்ந்து போய் சுப்பவைசரிடம் சொல்லியும் இருக்கிறோம். பார்ப்போம் என்றார்.

எங்களை வேலைக்கு அனுப்புவது ஒரு ஏஜென்சி. விடியற்புறம் அவர்களுடைய வேன் வந்து ஏற்றிப்போகும். என் அட்டையில் 'தற்காலிகப் பணியாளர்' என்று இருக்கும். மகள் ஆரணி பள்ளிக்கூடம் தொடங்கியபோதும் நான் தற்காலிகம். அவள் பல்கலைக்கழகம் போனபோதும் தற்காலிகம்.

அடுத்த நாள் கிளினிக்கில் டொக்டர் என் பாதத்தில் ஒரு மெல்லிய நைலோன் இழையால் தொட்டுத் தொட்டு, தெரிகிறதா என்று கேட்டார். பல இடங்களில் தெரியவில்லை. நரம்புச் சிதைவு (எனக்கிருப்பதுபோல் கனகாலச் சலரோகத்தால், அதாவது நீரிழிவால், பாத நரம்புகள் உணர்வை இழப்பது) என்றார். காயத்தைக் கழுவிக் கட்டி, நுண்ணுயிர்க்கொல்லி எழுதித் தந்தார். காயம் ஆறும்வரை அந்தக் காலில் நிற்கக்கூடாது என்று இரண்டு தரம் சொன்னார்.

வெளியே வந்ததும் ஏஜென்சிக்கு எடுத்தேன். ஆட்களை அனுப்பும் பொறுப்பில் இருப்பவர் ரமணன். எங்கள் ஆள்தான். கோயிலில் கண்டால் ஓடிவந்து கதைப்பவர்.

"தம்பி, டொக்டர் காலை ஊண்ட வேண்டாமாம். கொஞ்ச நாள் வரேலாமல் இருக்கு."

"ஒரு பிரச்சினையும் இல்லை அன்ரி. வடிவா ரெஸ்ட் எடுங்கோ. நான் வேற ஆளைப் போடுறன். சுகமானாப் பிறகு கோல் பண்ணுங்கோ, இடம் இருந்தாப் பாப்பம்."

'இடம் இருந்தாப் பாப்பம்' என்பதன் பொருள் வேனில் வரும் எல்லோருக்கும் தெரியும். அப்படிச் சொல்லப்பட்டவர்கள் பிறகு வேனில் ஏறியதில்லை. அவ்வளவு அன்பாக அவர் அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். மறுநாள் விடிய, கட்டுக்கு மேல் இரண்டு காலுறை போட்டுக்கொண்டு வேனில் ஏறினேன்.

இதை வாசிப்பவர்களில் சிலர் என்னை மடைச்சி என்று நினைக்கக்கூடும். அவர்களுக்கு நான் எழுதவில்லை. வீட்டு வாடகையையும் டொக்டரின் சொல்லையும் ஒரே மேசையில் வைத்துப் பார்த்தவர்களுக்கு எழுதுகிறேன்.

அந்தக் கிழமை முடியுமுன் குளிர்காய்ச்சல் பிடித்தது. வெதுப்பியின் வாசலில் நின்றே நடுங்கினேன். பத்மா அக்கா என்னைத் தாங்கிக் கொண்டுபோய்ச் சாப்பாட்டு அறையில் இருத்தினார். வேன் புறப்படும் நேரம்வரை அங்கேயே இருந்தேன். வேறு வழியில் வீட்டுக்கு அனுப்ப ஒருவரும் முன்வரவில்லை.

கணவர் ஸ்காபரோவில் ஹொஸ்பிட்டலுக்குக் கொண்டுபோனார். கட்டில் இல்லாததால் நடைக்கூடத்தில் ஒரு தள்ளுகட்டிலில் படுக்கவைத்தார்கள். படம் எடுத்தார்கள். எலும்புத் தொற்று (கிருமி தசையைத் தாண்டி எலும்புக்குள் இறங்கிவிடுவது) என்றார்கள். சத்திரசிகிச்சை நிபுணர் ஒரு இளம் பெண். காலைக் காப்பாற்ற இரண்டு விரல்களையும் அவற்றின் பின்னால் உள்ள எலும்பையும் எடுக்க வேண்டும் என்று நிதானமாக விளங்கப்படுத்தினார். பிறகு கேட்டார், காயத்தோடு ஏன் வேலைக்குப் போனீர்கள் என்று.

நான் வாய் திறக்குமுன், பக்கத்தில் நின்ற ஆரணி ஆங்கிலத்தில் சொல்லிவிட்டாள், போகாவிட்டால் அம்மாவுக்குச் சம்பளமும் இல்லை, பிறகு வேலையும் இல்லை என்று.

அவர் தலையாட்டினார். "அடுத்த முறை உங்கள் உடம்பை முதலில் பாருங்கள்," என்றார்.

அடுத்த முறை என்றால் மிச்ச விரல்களா என்று கேட்க நினைத்தேன். அதற்கான ஆங்கிலம் உடனே வரவில்லை.

வெட்டும்வரை உணர்வில்லாமல் இருந்த விரல்கள் வெட்டிய பிறகு நோகத் தொடங்கின. மாய வலி (நீக்கப்பட்ட உறுப்பு இன்னும் இருப்பதுபோல் மூளை உணர்வது) என்று தாதி சொன்னார். உங்களுக்கும் அப்படி நொந்தால் வெட்கப்படாமல் சொல்லுங்கள். அதற்கும் மருந்து இருக்கிறது.

நியூஜேர்சியில் இருக்கும் என் தம்பி தொலைபேசியில் எடுத்தான்.

"அக்கா, நீங்கள் குடுத்துவைச்சனீங்கள். இஞ்ச எண்டா உந்த ஒப்பரேசனுக்கு வீட்டை வித்திருக்க வேணும்."

எங்கள் குடும்பத்தில் யார் சரியான நாட்டுக்குப் போனது என்ற வாக்குவாதம் கலியாண வீடுகளில் இன்னும் நடக்கும். அவன் சொன்னதில் உண்மை இருந்தது. கட்டிலுக்கும் கத்திக்கும் டொக்டருக்கும் எங்களிடம் ஒருவரும் காசு கேட்கவில்லை. ஆனால் வாசலைத் தாண்டியதும் மருந்துக் குளிசை எங்கள் பாடு. பாதத்தில் பாரம் விழாமல் தாங்கும் விசேட சப்பாத்தும் எங்கள் பாடு.

"சீனி ஏன் இவ்வளவு ஏறினது எண்டு டொக்டர் கேட்டவ. நான் ஒண்டும் சொல்லேல்லை," என்றேன்.

"ஏன், என்ன நடந்தது?"

"குளிசையைப் பாதியா வெட்டித்தான் போடுறனான். அப்பதான் மாதம் முழுக்க வரும்."



"அக்கா, நானும் அப்பிடித்தான். பிறஷர் குளிசை. வேலை போனதோட இன்சூரன்ஸும் போட்டுது."

"எதால வெட்டுறனீ?"

"பழம் வெட்டுற கத்தியால."

இரண்டு பேரும் சிரித்தோம். பிறகு அவன் அழுதான். எல்லைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஒரு தாய் பிள்ளைகள் இருவர் குசினி மேசையில் குளிசை வெட்டிக்கொண்டு, மற்றவர் நன்றாக இருக்கிறார் என்று நம்பிக்கொண்டிருந்திருக்கிறோம்.

வீடு திரும்பிய கிழமை ரமணன் அப்பிள் பையோடு வந்தார். தேத்தண்ணி குடித்தார். என் கட்டுப்போட்ட காலைப் பார்க்காமலே கதைத்தார்.

"அன்ரி, கம்பி வீட்டிலதான் குத்தினது எண்டு சொல்லுங்கோவன். வேலைக்காயம் எண்டு போனா கம்பனி எங்கட ஆக்களை எடுக்காது. எத்தினை குடும்பம் யோசியுங்கோ."

"என்ர ரெண்டு விரலும் இப்ப எங்க கிடக்குது தெரியுமோ தம்பி?"

"உங்களுக்குச் சலரோகம் இருக்குத்தானே அன்ரி. அது எப்பிடியும் ஒரு நாள்..."

ஆரணி எழுந்து போய் வாசல் கதவைத் திறந்து பிடித்தாள். "யூ ஷுட் லீவ், அங்கிள்," என்றாள். என் மகள் ஒரு விருந்தாளியிடம் அப்படிப் பேசியது அதுதான் முதல் தடவை. நான் தடுக்கவில்லை.

வேலைக்காயத்துக்கான நட்டஈட்டுக்கு மாகாண நட்டஈட்டுச் சபையிடம் விண்ணப்பித்தோம். தொழிற்சாலையின் பதில், பெல்ட்டில் எந்தக் குறையும் இருக்கவில்லை, நோயாளிக்கு ஏற்கனவே சலரோகம் என்பது. பெல்ட் கொட்டியதைக் கண்ட இன்னொருவர் வேண்டும் என்று சபையில் சொன்னார்கள். பத்மா அக்காவுக்கு எடுத்தேன்.

"என்னையும் கேட்டவை. நான் ஒண்டும் காணேல்லை எண்டு சொல்லிப்போட்டன். கோவியாதேங்கோ. எனக்கு உந்த வேலை வேணும்."

கோவித்தேன். என்னைத் தாங்கிப் பிடித்த அதே கை என்பதால் இன்னும் கூடக் கோவித்தேன். விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது.

மேன்முறையீட்டுக்கு இலவச சட்ட உதவி நிலையம் ஒன்றை ஆரணி தேடிப் பிடித்தாள். குளிசைச் செலவில் ஒரு பகுதியை அரசிடமிருந்து பெறும் திட்டம் இருப்பதை ஹொஸ்பிட்டலின் சமூகப் பணியாளரிடமிருந்து அறிந்துவந்ததும் அவள்தான். உங்களிடம் யாரும் வந்து சொல்லமாட்டார்கள். போய்க் கேளுங்கள். கேட்கக் கூச்சமாக இருந்தால் பிள்ளைகளை அனுப்புங்கள்.

அடுத்த மாரிக்குளிர் தொடங்கும் நேரம் பத்மா அக்கா வந்து கதவைத் தட்டினார். தோள்மூட்டு இறுகி, கையைத் தூக்க முடியாமல் வந்திருந்தார். வேலையில் கொஞ்சம் சுணங்கியிருக்கிறார். ரமணன் அவரிடமும் வடிவா ரெஸ்ட் எடுக்கச் சொல்லியிருக்கிறார்.

"இப்ப சொல்லுறன். கண்டது எல்லாத்தையும் சொல்லுறன்," என்றார்.

சொன்னார். தொலைபேசி விசாரணையில் ஒன்றும் தடுமாறாமல், எந்த இடத்தில் கம்பி விழுந்தது, யாரிடம் முறையிட்டோம் என்று எல்லாம் சொன்னார். மேன்முறையீடு எங்கள் பக்கம் வந்தது, அரைகுறையாக. காயத்துக்கும் வேலையிழந்த காலத்துக்கும் பொறுப்பை ஏற்றார்கள். விரல்கள் போனதில் ஒரு பங்கைச் சலரோகத்தின் கணக்கில் போட்டார்கள். தொழிற்சாலை பெல்ட்டை மாற்றியதாகக் கேள்வி. வேன் இன்னும் வருகிறது. எங்கள் இடங்களில் இப்போது இந்தியாவிலிருந்து படிக்க வந்த இரண்டு பிள்ளைகள் நிற்கிறார்களாம்.

பத்மா அக்காவை நான் மன்னித்துவிட்டேனா என்று கணவர் ஒருநாள் கேட்டார். தெரியவில்லை. அவருக்கு இழக்க ஒன்றும் மிஞ்சாதபோதுதான் உண்மை பேச முடிந்தது. அந்த நிலைக்கு அவரைக் கொண்டுவந்தவர்களை நினைக்கும்போது வருகிற கோபம் பெரியது. அதற்குப் பக்கத்தில் மற்றக் கோபம் சின்னதாகத்தான் தெரிகிறது.

இப்போது காலையில் எழுந்ததும் ஒரு கண்ணாடியைத் தரையில் வைத்து, அதன் மேல் பாதத்தைப் பிடித்துப் பார்க்கிறேன். வெடிப்பு, சிவப்பு, கொப்புளம். என் காலில் என்ன நடக்கிறது என்று கால் எனக்குச் சொல்லாது. நான்தான் போய்ப் பார்த்து அறிய வேண்டும். சப்பாத்துக்குள் கையை விட்டுத் தடவாமல் போடுவதில்லை. நீங்களும் அப்படிச் செய்யுங்கள்.

முன்பு ஒரு நாளை ஷிஃப்டால் அளந்தேன். இப்போது ஒரு பக்கம் சாய்ந்து, குதியை ஊன்றி, இல்லாத விரல்களுக்குப் பதில் இடுப்பால் உந்தி நடக்கிறேன். பஸ் தரிப்புக்குப் போவதே ஒரு காலைப்பொழுதின் வேலை.

பெரிய தெருவைக் கடக்கும்போது, பாதசாரிகளுக்கான விளக்கில் எண்கள் இறங்கிக்கொண்டு போகும். நான் பாதித் தெருவைத் தாண்டுமுன் அவை முடிந்துவிடும். முதலில் பயந்து ஓடப் பார்த்து ஒருமுறை விழுந்தேன். இப்போது ஓடுவதில்லை. யாரோ ஹோர்ன் அடிப்பார்கள். வேலைக்குப் பிந்துகிற ஒருவராக இருக்கக்கூடும், தெரியும். என்றாலும் என் நடையிலேயே போகிறேன். அக்கரை வரும்வரை அவர்கள் நிற்கட்டும்.