கண்ணையன் கையில் பிரான்ஸ் மணி

"இருநூறு மீட்டர் ஆழத்துக்குத் தண்ணி ஏறாதுன்னு வாட்ச்சுல எழுதி வச்சிருக்கான்யா. நான் என்ன கடலுக்குள்ளயா எறங்குறேன்? வண்டி கழுவறேன். இதுக்கே தண்ணி ஏறுதுன்னா, அப்புறம் என்னாத்துக்கு எழுதணும், எழுதணும்?"

ஏப்ரலில் தொடங்கிய இந்தப் புகாரைக் கேட்காத காது புதுச்சேரி மூலக்குளத்தில் கிடையாது. வில்லியனூர் ரோட்டில் கண்ணையன் வைத்திருப்பது டூவீலர் வாட்டர் சர்வீஸ். கம்ப்ரசர் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகியவர், கம்ப்ரசர் நின்ற பிறகும் குரலை இறக்கமாட்டார். கோயிலில் அர்ச்சனைக்கு அவர் நட்சத்திரம் சொன்னால், வெளியே செருப்புப் பார்த்துக்கொள்கிற அம்மாவுக்கும் தெரிந்துவிடும். அவரைப் போலப் பேசிக் காட்டுவது சுலபம். மூக்கைக் கொஞ்சம் அடைத்துக்கொண்டு, கடைசிச் சொல்லை இரண்டு தரம் சொன்னால் போதும். "வண்டிய விட்டுட்டுப் போ, போ." பாதிக் கண்ணையன் வந்துவிடுவார்.

மீதிப் பாதி அவர் இடது கையில் இருந்தது. பெரிய கறுப்பு வாட்ச். மருமகன் தெயோ பொங்கலுக்கு வந்தபோது மாமனாருக்குக் கட்டிவிட்டது. தெயோவின் வீட்டார் பிரெஞ்சுக் குடியுரிமைக்காரர்கள். கல்யாணமானதும் கண்ணையனின் ஒரே மகள் சுடர்விழியும் பாரீசுக்கு வெளியே ஓர் ஊருக்குப் போய்விட்டாள். மனைவி தவறிப்போய் ஆறு வருஷம் ஆன வீட்டில் கண்ணையன் மட்டும்.

வாட்ச் வந்த புதிதில் அதை ஷாம்பு வாளிக்குள் முக்கி எடுத்துக் காட்டுவார். "பாரு, ஓடுது, ஓடுது." ஓடத்தான் செய்தது. ஆனால் அது காட்டிய மணி நமக்கு உதவாது. காலை ஒன்பதுக்கு யாராவது மணி கேட்டால் "நாலரை" என்பார்.

"விடியக்காலையாண்ணா?"

"அங்க, அங்க."

அங்கே காலை ஆறு மணிக்குச் சுடர்விழி வேலைக்குக் கிளம்புவாள். முதியோர் இல்லமொன்றில் சமையல் வேலை. பஸ் நிற்கிற இடத்துக்கு இருபது நிமிஷம் நடை, குளிர்காலத்தில் நல்ல இருட்டு. தெயோவுக்குக் கிடங்கில் இரவு ஷிப்ட், அந்நேரம் வீட்டில் இருக்கமாட்டான். வேலைக்குப் போன முதல் வாரமே யாரோ பின்னால் வருவதாகப் பயந்து ஓடியிருக்கிறாள். அதைக் கேட்ட நாளிலிருந்து அந்த இருபது நிமிஷமும் கண்ணையன் கூட நடந்தார், போனில்.

அவள் கூப்பிட்டால் கம்ப்ரசர் சத்தத்தில் கேட்காது. அதனால் இவர்தான் கூப்பிடுவார். போன் நனையாமல் பாலித்தீன் கவருக்குள், அலமாரியில் இருக்கும். கையில் வாட்ச் ஆறு காட்டியதும் மோட்டாரை அணைத்து, கையைத் துடைத்து, கவிழ்த்த பக்கெட் மேல் உட்கார்ந்து ஸ்பீக்கரில் போடுவார். தெருவே கேட்கும்.

"பாப்பா, வீட்டப் பூட்டிட்டியா?"

"பூட்டிட்டேன்ப்பா."

"லைட்டு எரியுதா?"

"எரியுதுப்பா."

"அந்த நாயக் கூட்டிட்டு வர்றவன் வந்தானா?"

"அவரு பாவம்ப்பா, வயசானவரு."

"இருக்கட்டும். பேசிக்கிட்டே நட, நட."

சோப்பு பூசிய வண்டிக்குப் பக்கத்தில் நிற்கிறவர் முனகுவார். "ண்ணா, நொரை காஞ்சிபோச்சு."

"இருய்யா, பஸ்ஸு வந்துடும், வந்துடும்."

பிரான்சில் மார்ச் கடைசி ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளுவார்கள், அக்டோபர் கடைசி ஞாயிறு பின்னே இழுப்பார்கள். பிள்ளைகளை அங்கே அனுப்பிய புதுச்சேரி வீடுகள் எல்லாவற்றுக்கும் இது தெரியும். நமக்குப் பத்தரையாக இருந்த அவள் ஆறு மணி, மார்ச்சில் திடீரென்று ஒன்பதரை ஆகிவிடும், அக்டோபரில் மறுபடி பத்தரை. மார்ச் மாத ஞாயிற்றுக்கிழமை கண்ணையன் கண்ணாடி போட்டுக்கொண்டு, வாட்ச் சாவியைத் திருகித் திருகி வெளியே எடுத்து, ஒரு மணி நேரம் தள்ளி வைத்தார். பிறகு சாவியை உள்ளே அழுத்திவிட்டு வேலைக்குப் போனார்.

பத்து நாளில் வாட்ச் கண்ணாடிக்குள் ஆவி கட்டியது. உள்ளே காயட்டுமென்று சாவியை வெளியே இழுத்துவிட்டு, நெல்லித்தோப்பில் தீபலட்சுமியிடம் கொண்டுபோனார். அப்பாவுக்குப் பிறகு வாட்ச் கடையைப் பார்த்துக்கொள்கிறவள். மூன்று வார்த்தைக்கு மேல் பேசமாட்டாள். திறந்து, காயவைத்து, ரப்பர் வாஷரை மாற்றி, கேட்ட பிரான்ஸ் மணியை வைத்து மூடிக் கொடுத்தாள். வாட்ச் சரியாகிவிட்டது. புகார் சரியாகவில்லை. ஏழு மாதம் ஓடியது.

நவம்பர் முதல் வாரம், மழை விட்ட மறுநாள். சேறு பூசிய வண்டிகள் வரிசையில் நின்றன. ஒரு புல்லட்டின் சக்கரத்துக்குத் தண்ணீர் அடித்துக்கொண்டே கண்ணையன் கையைப் பார்த்தார். ஐந்து நாற்பது. இன்னும் இருபது நிமிஷம். அடுத்த வண்டி, அதற்கடுத்த வண்டி. மறுபடி பார்த்தபோது கண்ணாடி மங்கலாயிருந்தது, துடைத்துப் பார்த்தார். ஐந்து நாற்பது. வானம் மூடியிருந்ததால் வெயிலை வைத்தும் சொல்ல முடியவில்லை.

"மணி என்னாய்யா?" வரிசையில் நின்ற வெற்றிச்செல்வனைக் கேட்டார்.

"பதினொன்னரைண்ணா."

மோட்டாரை அணைக்காமலே ஓடினார். போனில் ஒன்பது மிஸ்டு கால். ஒன்பதும் அவள் நடந்து போன அந்த இருபது நிமிஷத்துக்குள். திருப்பிக் கூப்பிட்டார், அடித்துக்கொண்டே இருந்தது. வேலை நேரத்தில் போனை லாக்கரில் வைத்துவிடுவாள், பத்து மணி இடைவேளையில்தான் எடுப்பாள். நமக்கு அது இரண்டரை. இது அவருக்குத் தெரியும். தெரிந்தும் பத்து தரம் கூப்பிட்டார். கடையில் இருப்புக் கொள்ளவில்லை. வெற்றிச்செல்வனின் வண்டியிலேயே நெல்லித்தோப்புக்குப் போனார்.

"மறுபடியும் ஏறிடுச்சும்மா" என்றார். அன்று அந்தக் குரல் கடைக்குள்ளேயே நின்றது. கடைசிச் சொல் ஒரு தரம்தான் வந்தது.

தீபலட்சுமி வாட்ச்சைத் திறக்கவில்லை. முதலில் சாவியைப் பார்த்தாள், அரிசி மணி அகலத்துக்கு வெளியே நின்றது. பிறகு தன் நோட்டைப் புரட்டினாள்.

"போன தடவை ஏப்ரல் மொதல் வாரம். இப்ப நவம்பர் மொதல் வாரம். நடுவுல ஏழு மாசம் ஒரு சொட்டு எறங்கல. ரெண்டு தடவையும் தண்ணி ஏறுறதுக்குக் கொஞ்சம் முன்னாடி என்னாண்ணா பண்ணீங்க?"

"ஒண்ணும் பண்ணல. பாப்பா மணிய மாத்துவேன், அவ்ளோதான்."

"மாத்திட்டு?"

"சாவிய அழுத்துவேன்."

"அழுத்திட்டுத் திருகி மூட மாட்டீங்களா?"

"திருகுனா முள்ளு நகர்ந்துடாதா? ஒரு நிமிஷம் பிசகுனா அவ தனியா நடப்பாளேம்மா."

தீபலட்சுமி அன்று நிறையப் பேசினாள். "இந்தச் சாவி உள்ள போனா முள்ளு அசையாதுண்ணா. திருகுறது மூடறதுக்குத்தான். நீங்க கதவ சாத்துனீங்க, தாழ்ப்பா போடல. இருநூறு மீட்டர்லாம் தாழ்ப்பா போட்ட கதவுக்கு. அதுலயும் சும்மா நிக்கிற தண்ணி வேற, பம்ப்புல பாஞ்சி வர்ற தண்ணி வேற. மூடியிருந்தாலும் நேரா அது மூஞ்சில அடிக்காதீங்க."

கண்ணையன் மேஜைமேல் போனை வைத்துக்கொண்டு அதையே பார்த்திருந்தார். வாட்ச்சைப் பிரித்து, துடைத்து, விளக்கடியில் காயவைத்து அவள் பிரான்ஸ் மணியை வைத்தபோதும் அவர் கண் போனில்தான். இரண்டு முப்பத்திரண்டுக்குப் போன் அடித்தது.

"அல்லோ, ப்பா? என்னாப்பா ஆச்சு? ஏன் எடுக்கல? ஒடம்பு கிடம்பு சரியில்லையா?"

"நான் இருக்கேன். நீ எப்டிப் போன?"

"நடந்துதான் போனேன். உனக்கு என்னாவோன்னுதான் பயம். ரோட்டுக்குப் பயமில்லப்பா. அது போயி ரொம்ப நாளாச்சு. அந்த நாய்க்காரத் தாத்தாவே தெனமும் பொன்ழூர்னு வணக்கம் சொல்லிட்டுப் போறாரு."

"அப்புறம் எதுக்கு தெனமும் எடுக்குற?"

"நீ கூப்புடுறியே."

தீபலட்சுமி சாவியை அழுத்தித் திருகி மூடினாள். முள் அசையவில்லை என்று அவரிடம் காட்டினாள். அவர் குனிந்து பார்த்தார். மகள் பேசிக்கொண்டே போனாள். "இனிமே தொழில விட்டுட்டு ஒக்காந்துகிட்டு இருக்காதப்பா. நான் தனியா போயிக்கிறேன். ஞாயித்துக்கெழம பேசுனாப் போதும். வாட்ச்சையும் நம்ம ஊரு மணிக்கே வச்சுக்க."

கண்ணையன் வாட்ச்சைக் கட்டிக்கொண்டார். நெல்லித்தோப்பு கடைத்தெரு முழுக்கக் கேட்கிற பழைய குரல் திரும்பி வந்தது.

"நீ இருட்டுல தனியா நடந்துடுவ, சரி. பட்டப்பகல்ல நான்தான் தனியா ஒக்காந்துருப்பேன். மணியெல்லாம் மாத்த முடியாது, இப்பத்தான் தாழ்ப்பா போட்டுருக்கு. நாளைக்கு ஆறு மணிக்குப் போன எடு, எடு."