மேடு தெரியாத எஞ்சின்

ஜெர்மனியில் நான் குடியிருக்கும் சிற்றூரில், மதியச் சாப்பாட்டு நேரம் வந்துவிட்டால் பொம்மை ரயில்கூட நின்றுவிடும். பக்கத்து வீட்டு கிளாவுஸ் தன் தோட்டத்தில் தண்டவாளம் போட்டு, பூனை அளவுள்ள எஞ்சின்களை ஓட்டிக்கொண்டிருப்பார். மதிய ஓய்வில் யாரும் சத்தம் போடக் கூடாது என்பது ஊர்க்கட்டுப்பாடு. மதுரைப் பழங்காநத்தத்தில், காதுகுத்து வீட்டு ஒலிபெருக்கிக்கு நடுவே தூங்கி வளர்ந்த எனக்கு அந்த அமைதி பழக வெகுநாளானது.

போன இலையுதிர் காலத்தில் கிளாவுஸ் வீட்டை விற்றுவிட்டு மாடிக் குடியிருப்புக்குப் போனார். போகும்போது ஓர் எஞ்சினை என்னிடம் தந்தார். மதுரையில் எங்கள் கிறிஸ்துமஸ் குடிலில் ஓட்டப்போகிறேன் என்றேன். குடிலுக்கு இது பெரிதாயிற்றே என்று திரும்ப வாங்கப் பார்த்தார். அவர் மனதில் இருந்தது மேசைமேல் வைக்கும் குடில். எங்கள் தெருக் குடும்பங்கள் சேர்ந்து போடும் குடில், மலையும் அருவியும் வயலுமாகப் பந்தலை அடைத்து நிற்பதைக் கைபேசியில் காட்டினேன். நிதானமாகப் பார்த்துவிட்டு, "இதில் குழந்தை இயேசு எங்கே?" என்று கேட்டார்.

எஞ்சினுக்குள் ஓட்டும் கருவி இல்லை. என்னிடம் இருந்தது, என் அறையில் ஓடும் உள்ளங்கை அளவு ரயிலின் டிகோடர். தண்டவாளம் வழியாக வரும் கட்டளையைக் கேட்டு மோட்டாரை ஓட்டுகிற நகம் அளவுச் சில்லு அது. பெரிய மோட்டாரை அதில் நேராக மாட்டினால் சில்லு கருகிப்போகும். சின்னது கட்டளை மட்டும் போடட்டும், பாரத்தை வேறொரு பெரிய மின்பலகை சுமக்கட்டும் என்று முடிவுசெய்தேன். எல்லாவற்றையும் துணிக்குள் சுற்றிக்கொண்டு டிசம்பரில் ஊர் வந்து சேர்ந்தேன்.

வீட்டில் அப்பாவும் தங்கை ஸ்டெல்லாவும்தான். பக்கவாதத்தில் அப்பாவின் வலப்பக்கம் விழுந்த பிறகு, ஸ்டெல்லா ஆசிரியை வேலையை விட்டுவிட்டு அவரைப் பார்த்துக்கொள்கிறாள். நான் பார்த்துக்கொள்வது போனில். காலையும் மாலையும் நடக்க வை, சோற்றைக் குறை, கைக்குப் பயிற்சி கொடு. எல்லாவற்றுக்கும் "சரிண்ணே" என்பாள். பழைய பள்ளிக்கூடம் விடுமுறைக்குப் பின் அவளைத் திரும்ப அழைத்திருந்தது. அப்பாவை யார் பார்ப்பது, முடியாதென்று சொல்லிவிடு என்றும் போனில்தான் சொன்னேன். அதற்கும் சரி என்றவள், பள்ளிக்கு இன்னும் பதில் சொல்லாமல் வைத்திருந்தது நான் வந்த பிறகுதான் தெரிந்தது. விடுமுறை முடிவதற்குள் சொல்லியாக வேண்டும்.

குடில் பந்தலில் எஞ்சின் சமதரையில் ஒழுங்காகத்தான் ஓடியது. அட்டை மலையில் ஏறும்போது பேய் பிடித்ததுபோல் பாய்ந்தது, நின்றது, மறுபடி பாய்ந்தது. குடில் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்த என் நண்பன் சகாயம் தலையில் கை வைத்தான். "மாப்ள, ஆட்டுப் பொம்மை அம்புட்டையும் கவுத்துட்டயேடா!"

நட்சத்திரம் ஒட்ட வந்த ஸ்டெல்லா, என்ன ஆயிற்று என்று கேட்டாள்.

"மோட்டார் எம்புட்டு சிரமப்படுதுன்னு தொட்டுப் பாத்துப் பாத்துத்தான் இந்தச் சில்லு ஓட்டும். இப்ப நடுவுல பலகை வந்துருச்சு. மேடா பள்ளமான்னு இதுக்குத் தெரியல. தெரியாமலே ஆர்டர் போடுது."

அவள் எஞ்சினையே பார்த்தாள். "போன்ல நீ பேசுற மாதிரி," என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்குக் கத்தியிருப்பேன். சாதாரணமாகச் சொன்னாள், எனக்குச் சுருக்கென்றது.

அந்தத் தொட்டுப் பார்க்கும் வேலையையே சில்லில் நிறுத்தி வைத்தேன். துள்ளல் நின்றது. ஆனால் மேட்டில் திணறியது. ஆகவே சகாயம் மலைக்குப் பக்கத்திலேயே நின்று, பார்த்துப் பார்த்து வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் வேண்டியிருந்தது. பக்கத்தில் ஓர் ஆள் இல்லாமல் அது ஓடாது.

மறுநாள் அப்பாவை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று ஸ்டெல்லாவைத் தோழி வீட்டுக்கு அனுப்பினேன். அப்பாவின் இடுப்பை இடக்கையால் அணைத்துக் கழிவறைக்கு நடத்திப்போவதற்குள் எனக்கு மூச்சு வாங்கியது. சோறு ஊட்டினால் பாதி வெளியே வந்தது. குழறும் வாயால் ஏதோ சொல்ல முயன்றார். காதைக் கொடுத்துக் கேட்டேன்.

"ஸ்டெல்லாவுக்கு... இடுப்பு வலி. ராவெல்லாம்."

இத்தனை நாள் போன் பேச்சில் அது எனக்கு வந்ததே இல்லை. நான் கேட்டதும் இல்லை. வெட்கமாக இருந்தது.

சாயங்காலம் அவள் வந்ததும், வேலைக்குப் போ என்றேன்.

"அப்பா?"

"ஆள் போடுவோம். வர்ற ஆளு பழகுற வரைக்கும் நான் இருக்கேன். லீவ நீட்டிக்கலாம்."

அவள் நம்பவில்லை. "இன்னும் ரெண்டு நாளு நீயே பாருண்ணே. அப்புறம் இதையே சொல்லு."

பார்த்தேன். அதையேதான் சொன்னேன். அதன் பிறகே அவள் பள்ளிக்குப் போன் செய்தாள். வருவதாகச் சொன்னாள்.

இப்போது திரும்ப ஜெர்மனியில் இருக்கிறேன். போனில் அதிகம் பேசுவது ஸ்டெல்லாதான், வகுப்புக் கதைகளிலிருந்து அப்பா சாப்பிட்ட இட்லி வரைக்கும். இங்கே உடன் வேலை பார்ப்பவர் ஒருவர், பனி உறைந்த பாதையில் இடக்கையை விலக்கி வளைத்து நான் மெதுவாக நடப்பதைப் பார்த்துவிட்டு, தோள் வலிக்கு நல்லதென்று ஒரு களிம்பின் பெயரைச் சொன்னார். நன்றி சொல்லி வைத்தேன். தோளில் வலி ஏதுமில்லை. கை அப்பாவின் இடுப்பைத் தேடுகிறது, கால் அப்பாவின் வேகத்துக்குக் குறைகிறது. பழங்காநத்தத்தில் அந்நேரம் அவரைப் பிடித்து நடத்துவது நாங்கள் வேலைக்கு வைத்த மனிதரின் கை.