மழைக்குச் சாட்சி சொன்ன புத்தகம்

எதைக் கேட்டாலும் "அது இருக்கட்டும்" என்று ஆரம்பிக்கிற மனிதருக்கு அலுவலகத்தில் வேறு என்ன பட்டம் வைப்பார்கள்? 'அதிருக்கட்டும்' என்றே வைத்தார்கள். கணினிக்கு நிரல் எழுதுவது அவர் தொழில். வயது நாற்பத்தாறு. தலையில் முடி குறைந்ததே தவிர, எந்தச் சாமானைப் பார்த்தாலும் அதைப் பிரித்துத் திருத்தியே ஆகவேண்டும் என்கிற கையரிப்பு மட்டும் குறையவே இல்லை.

அந்த அரிப்பால் அதிகம் பட்டவர் அவர் மனைவிதான், பாவம். பள்ளிக்கூடத்தில் கணக்கு ஆசிரியை. ஒருமுறை நம் ஆள், மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி நிரம்பினால் கூவுகிற கருவி ஒன்றைச் செய்து மாட்டினார். கருவி நன்றாகத்தான் கூவியது. தொட்டி நிரம்பியபோது அல்ல, அதன் கம்பியில் காக்கை வந்து உட்கார்ந்தபோதெல்லாம். மூன்றாம் நாள் பக்கத்து வீட்டுக்காரரே ஏறி வந்து அதைக் கழற்றிக் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

போன மழைக்காலத்தில் குளியலறை மரக்கதவு ஊறி, சாத்த முடியாமல் நின்றது. தச்சரைக் கூப்பிடலாம் என்றார் மனைவி. "அது இருக்கட்டும், ரெண்டு இழுப்பு இழைச்சா தீர்ந்துச்சு" என்று நம் ஆள் இழைப்புளியைத் தூக்கினார். கதவு அன்றைக்கு அழகாகச் சாத்திக்கொண்டது. வெயில் வந்து மரம் வற்றியதும் பார்த்தால், கதவுக்கும் நிலைக்கும் நடுவே ஒரு விரல் தாராளமாகப் போய் வந்தது. அதன்பிறகு, உள்ளே இருப்பவர் பாடிக்கொண்டே குளிக்க வேண்டும் என்று வீட்டில் ஒரு சட்டம் வந்தது. கணக்கு ஆசிரியைக்குப் பாட வராது. வாய்ப்பாடு சொல்லுவார்.

இப்படிப்பட்டவர் மூன்று வருஷம் உட்கார்ந்து உருப்படியாக ஒன்று செய்தார். நூலகத்துக்குத் திரும்பி வரும் புத்தகங்களைப் பிரித்து அடுக்குகிற இயந்திரம் அது. ஓடும் பட்டையில் புத்தகத்தை வைத்தால், அட்டையில் இருக்கும் எண்ணைப் படித்து, இது இந்த அலமாரிக்கு என்று தள்ளிவிடும். கூடவே எடையும் போடும். எடை மாறியிருந்தால் புத்தகம் சிவப்புக் கூடைக்குப் போகும்.

எடை எதற்கு என்றால், இயந்திரத்தைச் சோதித்துப் பார்க்கச் சம்மதித்த நூலகத்தின் நூலகர் அம்மா போட்ட நிபந்தனை அது. வாசகர்கள் என்றால் எல்லாரும் தங்கக் கம்பிகளா? படம் அழகாக இருந்தால் தாளைக் கிழித்துக்கொள்கிறவர்களும் உண்டு. சீப்பு, மருந்துச் சீட்டு, எழுதி அனுப்பாத கடிதம் என்று எதையாவது உள்ளே வைத்து மறந்துவிடுகிறவர்களும் உண்டு. "ஒரு தாள் கூடினாலும் குறைஞ்சாலும் எனக்குத் தெரியணும் தம்பி. அது முடியும்னா கொண்டாங்க, முடியாதுன்னா வாசல்லயே நிறுத்திடுங்க" என்று அவர் சொல்லிவிட்டார். நம் ஆள் தலையாட்டிவிட்டார். கோடையில் மூன்று வாரம் அங்கேயே உட்கார்ந்து ஒன்பதாயிரம் புத்தகங்களை எடை போட்டுப் பதிந்தார்.

அவருடைய முதலாளி கறாரான மனிதர். "ஒரு மாசம் சோதனை. அந்தம்மா வேண்டாம்னு ஒரு வரி எழுதினா போதும், மிஷின் கிடங்குக்குப் போகும். நீங்க மறுபடியும் பழைய வேலைக்குத்தான்." பழைய வேலை என்பது மற்றவர்கள் எழுதின நிரலில் பிழை பார்ப்பது. அதைவிடக் காக்கைக் கருவியே மேல்.

இயந்திரத்தை நூலகத்தில் நிறுவினார்கள். முதல் வாரம் ராஜநடை. இரண்டாம் வாரம் மழை பிடித்தது. அன்று காலை பட்டையை ஓட்டியதும் முதல் புத்தகம் சிவப்புக் கூடைக்குப் போனது. இரண்டாவதும் போனது. மூன்றாவதும். ஒரு மணி நேரத்தில் கூடை நிரம்பி வழிய, அலமாரிக் கூடைகள் காலியாகக் கிடந்தன. திறந்து பார்த்தால் ஒன்றிலும் சீப்பும் இல்லை, சீட்டும் இல்லை. ஆனால் எல்லாமே பத்துப் பன்னிரண்டு கிராம் கூடியிருந்தன.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நம் ஆள் தராசைக் குறை சொன்னார். தராசை மாற்றினார்கள், அதுவும் அதையேதான் சொன்னது. பிறகு சாமர்த்தியமாக ஒன்று செய்தார். ஐந்து கிராம் வரை வித்தியாசம் இருந்தால் விடு என்று இருந்த கணக்கை, இருபது கிராம் வரை விடு என்று தளர்த்திவிட்டார். அவ்வளவுதான், கூடை காலி. அன்று மாலை சீட்டியடித்துக்கொண்டே வீட்டுக்குப் போனார்.

மூன்றாம் வாரம் வெயில் அடித்தது. நூலகர் அம்மா ஒரு பறவைப் புத்தகத்தை எடுத்துவந்து அவர் முன்னால் வைத்தார். அடுத்ததாக எடுத்துப்போன வாசகர் கொண்டுவந்து காட்டியதாம். எட்டுத் தாள்களைக் காணோம். மீன்கொத்தி இருந்த இடத்தில் வெறும் தையல் நூல் தெரிந்தது.

"உங்க மிஷின் இதை நல்ல புத்தகம்னு சொல்லி அலமாரிக்கு அனுப்பியிருக்கு," என்றார். குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது. "முழுப் பூசணிக்காய சோத்துல மறைக்கலாம்னு பார்த்தீங்களா தம்பி? இன்னும் எட்டு நாள் இருக்கு."

நம் ஆளுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. வீட்டுக்கு வந்து குளியலறைக்கு எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். உள்ளே மனைவி பதினாறாம் வாய்ப்பாட்டில் இருந்தார். முடித்து வெளியே வந்து இவர் முகத்தைப் பார்த்தார்.

"என்னங்க, கப்பல் கவுந்த மாதிரி உட்கார்ந்திருக்கீங்க?"

சொன்னார். மழை, கூடை, இருபது கிராம், மீன்கொத்தி எல்லாவற்றையும் சொன்னார். மனைவி துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு சிரித்தார்.

"கதவுக்குப் பண்ணினதையே புத்தகத்துக்கும் பண்ணிட்டு வந்திருக்கீங்க. மழைக்கு இழைச்சது வெயிலுக்கு ஆகுமா? எனக்காவது வாய்ப்பாடு தெரியும், அந்தம்மா என்ன பண்ணுவாங்க?"

"அது இருக்கட்டும்..." என்று வழக்கம்போல ஆரம்பித்தவர் பாதியில் நின்றார். "இல்ல, திரும்பச் சொல்லு. மரம்."

"என்ன மரம்?"

"தாளும் மரந்தானே. ஈரத்தை உறிஞ்சுது. தராசு சரி, புத்தகமும் சரி. நாந்தான் தப்பு."

மறுநாள் காலை நூலகர் அம்மாவிடம் போய் ஒரு விசித்திரமான கோரிக்கை வைத்தார். "மேடம், யாருமே எடுக்காத புத்தகம் ஒண்ணு குடுங்க. இனிமேலும் யாரும் எடுக்கக் கூடாது."

அம்மா யோசிக்கவே இல்லை. கடைசி அலமாரிக்குப் போய், நிலவரி விதிகளைப் பற்றிய ஒரு தடித்த புத்தகத்தைத் தூக்கிவந்தார். பதினொரு வருஷத்தில் ஒருத்தர்கூட அதைத் தொடவில்லை. "ஆண்டவன் புண்ணியத்துல இதுக்கும் ஒரு வேலை கிடைச்சுதே," என்றார்.

வேலை சுலபம். இயந்திரத்துக்குப் பக்கத்தில் தனியாக ஒரு சின்னத் தராசு வைத்து, வரிப் புத்தகத்தை அதன்மேல் நிரந்தரமாக உட்காரவைத்தார். மழை வந்தால் அதுவும் ஊறும், வெயில் வந்தால் அதுவும் வற்றும். யாரும் அதில் தாளைக் கிழிக்கப் போவதில்லை, சீப்பை வைக்கப் போவதில்லை. ஆகவே கோடையில் பதிந்ததைவிட அதன் எடை நூற்றுக்கு இத்தனை பங்கு கூடியிருந்தால், அது முழுக்க முழுக்க ஈரம். அதே பங்கை மற்றப் புத்தகங்களிலும் கழித்துவிட வேண்டியதுதான். திரும்பி வருகிற புத்தகங்களை ஓர் இரவு அதே அறையில் வைத்து, எல்லாமே ஒரே காற்றைக் குடிக்கவிட்டு, காலையில் பட்டையில் ஏற்றினார். வழவழத் தாள் புத்தகங்கள் வேறு மாதிரி ஊறின. அவற்றுக்கென்று, யாரும் புரட்டாத ஓர் இயந்திர விலைப்பட்டியல் புத்தகத்தை இரண்டாவது சாட்சியாகக் கொண்டுவந்தார். கணக்கு படிந்ததும் துணிந்து ஒரு காரியம் செய்தார். இருபது கிராமை மூன்றாகக் குறைத்தார்.

சோதனையின் கடைசி நாள் காலை எழுந்து ஜன்னலைத் திறந்தால், கொட்டு கொட்டென்று கொட்டுகிறது. நம் ஆள் குடையிருந்தும் நனைந்துகொண்டே நூலகத்துக்குப் போனார். அன்றைக்கு இருநூற்றுப் பதினான்கு புத்தகங்கள். நூலகர் அம்மா நேரத்திலேயே வந்து அவற்றைத் தன் கையாலேயே பட்டைக்கு அருகில் அடுக்கிவைத்திருந்தார். இப்போது தன் மேஜையில் உட்கார்ந்து, இந்தப் பக்கமே திரும்பாமல் எதையோ எழுதிக்கொண்டிருந்தார்.

பட்டை ஓடியது. வரிப் புத்தகம் நன்றாக ஊறி, தன் கடமையைச் செய்தது. நூறு புத்தகங்கள் அலமாரிக் கூடைகளுக்குப் போயின. சிவப்புக் கூடையில் ஒன்று விழுந்தது. ஓடிப்போய்த் திறந்தார், ஒரு கொண்டை ஊசி அட்டை. நூற்றைம்பது. இன்னொன்று விழுந்தது, அதில் நடுத்தாள் ஒன்று போயிருந்தது. இருநூற்று மூன்றாவது புத்தகம் ஒரு மெலிந்த கதைப் புத்தகம். அதுவும் சிவப்புக் கூடைக்கே போனது. எடுத்து உதறினார். நான்காக மடித்த ஒரு தாள் விழுந்தது. நூலகத்தின் முத்திரை போட்ட தாள்.

'இந்தத் தாளின் எடை ஐந்து கிராம். இன்று காலை இதை நான்தான் வைத்தேன். உங்கள் இயந்திரம் இதைக் கவனிக்காமல் விட்டிருந்தால், இது புத்தகத்தோடு அலமாரிக்குப் போயிருக்கும். நானும் மாலையில் உங்கள் முதலாளிக்கு வேண்டாம் என்று எழுதியிருப்பேன். இதை நீங்கள் படித்துக்கொண்டிருப்பதால், இயந்திரத்தை நூலகம் ஏற்றுக்கொள்கிறது.' கீழே கையெழுத்து, தேதி.

இரண்டு தடவை படித்தார். மூன்றாம் தடவை எழுத்துகள் கலங்கிப்போயின.

"என்ன தம்பி, ஏதாவது மாட்டுச்சா?" என்றார் நூலகர் அம்மா, தலையை நிமிர்த்தாமலே.

நம் ஆள் வாயைத் திறந்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக "அது இருக்கட்டும்" வரவில்லை.

"மாட்டுச்சு மேடம்," என்றார்.