ஸ்கோர் மாஸ்டர் டிவியை நிறுத்தினார்

தெருவில் அவருக்கு ஸ்கோர் மாஸ்டர் என்று பெயர். டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, வந்தவரின் தோள் அளவைச் சொல்லும் அதே மூச்சில் ஆட்டத்தின் ஸ்கோரையும் சொல்லிவிடுவார். தையல்கடை என்பது வீட்டின் முன்னறைதான். துணி வெட்டும் மேசை சுவரைப் பார்த்துக் கிடக்கும். சுவரில் டிவி. மாஸ்டருக்குப் பின்னால், ஜன்னலோரம், அவர் மனைவியின் தையல் மெஷின். அவர் வெட்டுவார், அவள் தைப்பாள். ஆக, மகளைப் பெற்று வளர்த்து வேலைக்கு அனுப்பிய காலம் பூராவும் அந்த மனிதர் பெண்டாட்டிக்கு முதுகைக் காட்டிக்கொண்டே குடும்பம் நடத்தியிருக்கிறார். இதை அவரிடம் சொன்னால் கோபம் வரும். "வேலை அப்படி" என்பார்.

கடை திறக்கும்போது போட்ட டிவி சாத்தும்போதுதான் அணையும். மேட்ச் இல்லாத நாளில் பழைய மேட்ச். அதுவும் இல்லையென்றால், மேட்சைப் பற்றிப் பேசும் கோட்டு போட்ட ஆசாமிகள். இத்தனை சத்தத்துக்கு நடுவில் எப்படித்தான் வேலை செய்கிறீர்கள் என்று கேட்டால், "டிவி ஓடுனாத்தான் எனக்குக் கை ஓடும்" என்பார். கை ஓடியது உண்மைதான். அது எங்கே ஓடியது என்று பார்க்கத்தான் அவருக்கு நேரமில்லை.

பக்கத்துத் தெரு நர்ஸம்மாவுக்குத் தலைமை நர்ஸாகப் பதவி உயர்வு வந்தது. பொறுப்பேற்கும் நாளில் போட்டுக்கொள்ள ஒரு சட்டை தைக்கக் கொடுத்தார். வெளிப்பக்கம் மினுமினுப்பு, உள்பக்கம் மங்கல், அப்படியொரு துணி. அளவும் கொஞ்சம் குறைச்சல். மடித்துப் போட்டு இரண்டு கையையும் ஒரே வெட்டாக வெட்ட முடியாது. ஒவ்வொன்றாகத்தான் வெட்ட வேண்டும். அப்படி வெட்டும்போது ஒரு கை முடிந்ததும் காகித அச்சைப் புரட்டிப் போட வேண்டும், இல்லாவிட்டால் இரண்டும் ஒரே பக்கத்துக் கையாகிவிடும். கத்திரி பிடிக்கக் கற்றுக்கொண்ட முதல் வாரத்திலேயே தெரிந்துகொள்கிற சங்கதி. ஆனால் டிவியில் கடைசி ஓவர் ஓடிக்கொண்டிருந்தது. மாஸ்டர் அச்சைப் புரட்டவில்லை.

மனைவி துண்டுகளைக் கையில் எடுத்ததுமே கண்டுபிடித்துவிட்டாள். எழுந்து மேசையருகே வந்து, "ரெண்டும் இடது கையா இருக்குதே" என்றாள். மாஸ்டர் டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல் தலையை ஆட்டினார். போய்த் தை என்று கையையும் ஆட்டினார். வெட்டுகிறவர் சொன்னபின் தைக்கிறவள் என்ன செய்வாள்? தைத்துவிட்டாள்.

நர்ஸம்மா வந்து போட்டுப் பார்த்தார். வலது தோள் முன்னால் இழுத்து, முதுகில் ஒரு பை மாதிரி உப்பிக்கொண்டு நின்றது. மாஸ்டருக்குப் பார்த்த மாத்திரத்தில் புரிந்துவிட்டது. கடையில் வேறு இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். என் தப்பு என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். மானம் விடவில்லை.

"நான் படிச்சுப் படிச்சுச் சொன்னேம்மா, வலது இடது பாத்துத் தைன்னு. கேட்டாத்தானே. இவகிட்ட சொல்றதும் செவிடன் காதுல சங்கு ஊதறதும் ஒண்ணு."

சிரிப்பார்கள் என்று எதிர்பார்த்தார். ஒருவரும் சிரிக்கவில்லை. உட்கார்ந்திருந்தவர்களில் ஒருவர் தலை குனிந்துகொண்டார். நர்ஸம்மாவின் முகம் இறுகிப்போனது. மாஸ்டர் திரும்பிப் பார்த்தார். மனைவி மெஷினிலிருந்து நிமிர்ந்து நர்ஸம்மாவைப் பார்த்து மரியாதையாகச் சிரித்துக்கொண்டிருந்தாள். நாலு பேர் முன்னால் பழியைச் சுமந்துகொண்டு சிரிக்கிறாளே என்று மாஸ்டருக்குச் சுருக்கென்றது.

"மொதல்ல அந்த டிவிய நிறுத்துங்க மாஸ்டர்" என்று சொல்லிவிட்டு நர்ஸம்மா சட்டையைக் கழற்றி வைத்துவிட்டுப் போனார்.

அன்றைக்கே மாஸ்டர் டிவியின் வயரைப் பிடுங்கினார். அதே துணியைத் தேடி வாங்கிவந்து, வலது கையைப் புதிதாக வெட்டினார். நல்ல காரியம்தான். ஆனால் நம் ஆள் ஒரு நல்ல காரியத்தைச் சும்மா செய்யமாட்டார். வருகிறவர் போகிறவரிடமெல்லாம், "டிவிய விட்டுட்டேன் தெரியுமா? மனுசன மனுசனோட பேச விடாத சனியன் அது" என்று பிரசங்கம். ஸ்கோர் சொன்ன வாய் உபதேசம் சொல்ல ஆரம்பித்தது. அவ்வளவுதான் வித்தியாசம். கை மட்டும் அவ்வப்போது துணிக்குவியலுக்குள் ரிமோட்டைத் தேடிவிட்டு வெறுமனே திரும்பியது.

டிவி நின்றதும் அறையில் என்னென்னவோ கேட்டது. மின்விசிறி முனகியது. சமையலறைக் குழாய் சொட்டியது. சரி, இனி பெண்டாட்டியோடு பேசலாம் என்று முடிவு செய்தார்.

"மழை வரும் போல இருக்கு" என்றார், வெட்டிக்கொண்டே. பதில் இல்லை.

"பொண்ணு இந்த வாரம் போன் பண்ணலையே." அதற்கும் இல்லை.

கோபம் ஆறவில்லை போலிருக்கிறது, இருக்கட்டும், நியாயம்தான் என்று நினைத்துக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்துத் தன்னிடமிருந்த மிகப்பெரிய அஸ்திரத்தை எடுத்தார். "இன்னிக்கு நானே சமைக்கட்டுமா?" இதைக் கேட்டும் ஒரு பெண்டாட்டி ஆச்சரியப்படவில்லை என்றால் அந்தக் கோபம் சாதாரணக் கோபமில்லை.

மறுநாள் பெரிய கத்திரி மேசையிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது. இரும்புக் கத்திரி, கல் தரை. வாசலில் படுத்திருந்த பூனை துள்ளி ஓடியது. மாஸ்டருக்கே தூக்கிவாரிப்போட்டது. மனைவியின் மெஷின் நிற்கவில்லை. தையல் கொஞ்சமும் கோணாமல் போய்க்கொண்டிருந்தது.

மாஸ்டர் அவளுக்குப் பின்னால் போய் நின்று மெதுவாகக் கூப்பிட்டார். பிறகு சத்தமாகக் கூப்பிட்டார். பிறகு, தெருவில் போகிறவர் திரும்பிப் பார்க்கும்படி கூப்பிட்டார். அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு அடுத்த துண்டை எடுத்தாள். மகள் போன் பண்ணும்போதெல்லாம் மனைவி "நீங்களே பேசுங்க, எனக்குக் கை வேலை" என்று அவரிடமே தள்ளிவிடுவது ஞாபகம் வந்தது. மெஷினை வாசல் தெரிகிற மாதிரி ஜன்னலோரம் மாற்றச் சொல்லிக் கேட்டதும் ஞாபகம் வந்தது.

சாயங்காலம் நர்ஸம்மா சட்டைக்கு வந்தார். மாஸ்டரைத் தாண்டிப் போய், மெஷினுக்கு முன்னால் நின்று, பலகையை விரலால் தொட்டார். மனைவி நிமிர்ந்த பிறகுதான் வாயைத் திறந்தார். "கை இப்ப சரியா இருக்கா அக்கா?" என்று நிதானமாகக் கேட்டார். "இருக்கும்மா, போட்டுப் பாரு" என்று உடனே பதில் வந்தது.

மாஸ்டர் நர்ஸம்மாவின் பின்னாலேயே வாசல்வரை போனார்.

"இவளுக்குக் காது..." என்று இழுத்தார்.

"தெருவுல எல்லாரும் அக்கா முன்னாடி வந்து நின்னுதானே பேசறோம். உங்களுக்குத் தெரியாதா மாஸ்டர்?" நர்ஸம்மா அவரையே பார்த்தார். "தெரிஞ்சுதான் அன்னிக்கு அப்படிச் சொன்னீங்கன்னு நெனச்சேன்."

தெரிந்து சொன்னது கேவலமா, கட்டினவளுக்குக் காது கேட்காதது தெரியாமலே இருந்தது கேவலமா? மாஸ்டர் வாசல்படியில் நின்று யோசித்துப் பார்த்தார். எந்தப் பக்கம் திரும்பினாலும் முகத்தை வைத்துக்கொள்ள இடமில்லை.

உள்ளே வந்து, நர்ஸம்மா நின்ற இடத்தில் நின்று, பலகையைத் தொட்டார். மனைவி நிமிர்ந்தாள்.

"எப்போலேருந்து?" என்று காதைத் தொட்டுக் காட்டினார்.

"பொண்ணு வேலைக்குப் போன வருசத்துலேருந்து. கொஞ்சம் கொஞ்சமா."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொன்னேனே." அவள் குரலில் குற்றச்சாட்டே இல்லை. அதுதான் அவரைக் கொன்றது. "ரெண்டு மூணு தடவை பக்கத்துல வந்து நின்னு சொன்னேன். நீங்களும் தலைய ஆட்டினீங்க. சரி, தெரிஞ்சுக்கிட்டாருன்னு விட்டுட்டேன். டிவி சத்தத்தக் கூட்டி வச்சது, கத்திக் கத்திப் பேசினது, எல்லாம் எனக்காகத்தான்னு நெனச்சேன்."

மாஸ்டர் திரும்பிச் சுவரில் அணைந்து கிடந்த டிவியைப் பார்த்தார்.

"ஆமா, டிவி என்ன ரிப்பேரா?" என்று கேட்டாள். "சரி பண்ணிப் போட்டுக்குங்க. எனக்கு ஒண்ணும் தொந்தரவு இல்ல."

ஊருக்கெல்லாம் பிரசங்கம் செய்த துறவு, வீட்டில் ரிப்பேர் என்று எண்ணப்பட்டிருக்கிறது. மாஸ்டர் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு அவளுக்கு நேர் எதிரே உட்கார்ந்தார். சட்டையைத் தப்பாக வெட்டியது யார், அன்றைக்கு நாலு பேர் முன்னால் அவளைப் பற்றி என்ன சொன்னார், எல்லாவற்றையும் சொன்னார். அந்தச் சங்குப் பேச்சையும் விடாமல் சொன்னார். சொல்லச் சொல்லத் தலை தாழ்ந்துகொண்டே போய், தாடை நெஞ்சில் முட்டியது.

மனைவி கையை நீட்டி அவர் தாடையைத் தொட்டாள்.

"தலைய நிமித்திச் சொல்லுங்க" என்றாள். "வாய் தெரியல."