ஐரிஸ் எழுதிய கடைசிக் காட்சி

பேய், ஆவி, செய்வினை என்று யாராவது கதை தொடங்கினால், எழுந்து தேநீர் போடப் போகிற ஆள் நான். டென்மார்க்கில், ரண்டர்ஸ் நகரத்து முதியோர் இல்லம் ஒன்றில் இருபது வருடமாகப் பராமரிப்பு வேலை. எத்தனை பேர் இறந்த பிறகு முகம் துடைத்து உடுப்பு மாற்றியிருப்பேன், ஒருவர்கூட எழும்பி வந்து என்னிடம் குறை சொன்னதில்லை. அதனால் நான் சொல்லப்போவதை நீங்கள் நம்பாவிட்டால் கோபிக்க மாட்டேன், உங்கள் இடத்தில் இருந்தால் நானும் நம்பியிருக்க மாட்டேன்.

அந்த அம்மாவின் பெயர் ஐரிஸ். இங்கிலாந்துக்காரி. டேனிஷ் எஞ்சினியர் ஒருவரைக் கட்டி இங்கே வந்தவர், அவரும் போய்ச் சேர்ந்து, பிள்ளைகளும் இல்லாமல் எங்கள் இல்லத்துக்கு வந்தார். நாற்பது வருடம் இந்த நாட்டில் இருந்தும் டேனிஷ் பேச மாட்டேன் என்று பிடிவாதம். எனக்கு ஆங்கிலம் வரும் என்பதால் அவரை என் தலையில் கட்டினார்கள். அவர் ஆங்கிலத்தில் சொன்னதை நான் தமிழில் சொல்கிறேன்.

பதினேழு வயதில் மேடையேறியவராம். பிறகு ஒரு தொலைக்காட்சித் தொடரில், மளிகைக் கடைக்காரரின் மனைவியாகப் பத்தொன்பது வருடம் நடித்திருக்கிறார். இங்கிலாந்தில் பாதிப் பேர் இரவுச் சாப்பாட்டோடு அவரைப் பார்த்தார்களாம், தெருவில் போனால் பாத்திரத்தின் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவார்களாம். புருஷனாக நடித்தவர் ரோலண்ட். அந்த ரோலண்ட் தயாரிப்பாளரிடம் போய், ஐரிஸ் குடிக்கிறாள், வசனம் மறக்கிறாள் என்று மெல்ல மெல்ல ஓதியிருக்கிறார். ஒரு வாரம் வந்த கதையில், அந்த மனைவி கனடாவில் தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள் என்று இருந்தது. அதற்கடுத்த மாதம் தொலைபேசி அடிக்கிறது, ரோலண்ட் எடுக்கிறார், மனைவி இறந்துவிட்டாள் என்று செய்தி. கமரா அவர் முகத்தை விட்டு அசையவில்லை. அந்த அழுகைக்கு அவருக்கு விருது கொடுத்தார்கள்.

"நான் செத்ததை நான் சாப்பிட்டுக்கொண்டே தொலைக்காட்சியில் பார்த்தேன்," என்றார் ஐரிஸ். "பத்தொன்பது வருடம் நடித்தவளுக்கு ஒரு சாவுக் காட்சிகூடத் தரவில்லை. அதையும் அவனே எடுத்துக்கொண்டான்."

அதன் பிறகு யாரும் அவரை நடிக்கக் கூப்பிடவில்லை. ரோலண்டோ தொடரை விட்டுப் பெரிய மேடைகளுக்குப் போய், அந்தக் குரலுக்காகவே கொண்டாடப்பட்டார்.

போன குளிர்காலம் ரோலண்டிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. பழைய தொடரைப் பற்றி ஒரு நிகழ்ச்சி எடுக்கிறார்களாம், கமராவோடு வந்து பழைய தோழியைச் சந்திக்க ஆசையாம். ஐரிஸ் கிழித்துப் போடுவார் என்று நினைத்தேன். வரச் சொல்லிப் பதில் எழுது என்று என்னிடம் சொல்லிவிட்டு, ஒரு கொப்பியும் பேனையும் கேட்டார்.

தன் சாவுக் காட்சியைத் தானே எழுதினார். மனைவி கட்டிலில் கிடக்கிறாள், புருஷன் பக்கத்தில் இருக்கிறான், அவள் ஒவ்வொன்றாகக் கேட்கிறாள், அவன் பொய் சொல்லிக்கொண்டே வருகிறான். தினமும் மூன்று மணிக்குக் கோப்பி குடித்து முடிந்ததும் ஒத்திகை. புருஷன் வசனம் நான் வாசிப்பேன், அவர் கொப்பி பார்க்காமல் பதில் சொல்வார். இரண்டு மாதம் இப்படிப் போனது. ஆனால் கடைசி வரி, அது புருஷன் சொல்ல வேண்டியது, அதை மட்டும் என்னை வாசிக்க விட மாட்டார். அந்த இடம் வந்ததும் உள்ளங்கையால் மூடிவிடுவார்.

"இது உனக்கில்லை. அவனுக்கு."

ஒருநாள் விளையாட்டாக எட்டிப் பார்த்தேன். என் கையில் அடித்தார் பாருங்கள், ஸ்பூன் பிடிக்கவே நடுங்குகிற கை அது, இரண்டு நாள் தழும்பு போகவில்லை.

சமையலறையில் வேலை செய்யும் வசந்தி தழும்பைப் பார்த்துவிட்டு, "அண்ணை, அந்த மனிசி என்னவோ செய்யுது. நீங்கள் இனி வாசிக்காதேங்கோ," என்றாள்.

"விசர்க்கதை கதைக்காதையும். வயசு போன மனிசி, நாடகம் நடிக்குது," என்றேன்.

மாசி மாதம் காய்ச்சல் வந்து படுத்தவர் எழும்பவில்லை. பேச்சு நிற்பதற்கு முன் என்னிடம் இரண்டு விஷயம் சொன்னார். கொப்பியை அவனிடம் கொடு, உரத்து வாசிக்கச் சொல், வசனத்தைக் கண்டால் அவனால் சும்மா இருக்க முடியாது. மற்றது, அவன் வந்து போகும்வரை ஜன்னலைத் திறக்காதே. இங்கே ஒருவர் இறந்தால் உயிர் வெளியே போகட்டும் என்று ஜன்னலைத் திறந்து வைப்பார்கள், டாக்டர்கூட அதைச் செய்வார். ஐரிஸ் இறந்த காலையில், அறைக்குள் வந்தவர்களிடம் ஏற்கெனவே திறந்து மூடியாயிற்று என்று பொய் சொன்னேன். ஏன் சொன்னேன் என்று கேட்காதீர்கள்.

ஐரிஸ் இறந்த செய்தியைச் சொன்ன பிறகும் மூன்றாம் நாள் ரோலண்ட் வந்தார், கமராக்காரரோடு. உயரமான ஆள், அந்த வயதிலும் அறை நிறைக்கிற குரல். வெறும் மெத்தையைப் பார்த்துவிட்டு, "காலியான கட்டில், இன்னும் நன்றாக இருக்கும்," என்று கமராக்காரரிடம் சொன்னார். பிறகு ஐரிஸின் கதிரையில் உட்கார்ந்து, அவள் என் உயிர்த் தோழி என்று கண்ணைத் துடைத்தார். அதுவரை கொடுப்பதா விடுவதா என்று இருந்த எனக்கு, அந்தக் கண்துடைப்பைப் பார்த்ததும் பொறுக்கவில்லை. நல்ல காரியமில்லை என்று தெரிந்துகொண்டேதான் கொப்பியை நீட்டினேன்.

"உங்களுக்காக எழுதினது. சத்தமாக வாசிக்கச் சொன்னார்."

முதல் வரியை அருமையாக வாசித்தார். அடுத்தது ஐரிஸின் வரி, அதையும் அவரே வாசிப்பார் என்று நினைத்தேன். அவர் வாசிக்கவில்லை. தலையை நிமிர்த்திக் கட்டிலைப் பார்த்தபடி இருந்தார். ஐரிஸ் அந்த வரியைச் சொல்ல எவ்வளவு நேரம் எடுக்கும் என்று எனக்கு மனப்பாடம், சரியாக அவ்வளவு நேரம் கழித்து அடுத்த வரியைச் சொன்னார். மறுபடியும் அப்படித்தான். சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. அவருக்குக் கேட்டது. முகம் வெளிறி, மேல்சட்டைக் கழுத்து வேர்வையில் நனைந்துவிட்டது. நடுவில் ஒருமுறை என்னைப் பார்த்தார், இதை வாங்கிக்கொள் என்று கேட்கிற பார்வை. இரண்டடி வைத்தால் வாங்கியிருக்கலாம். நான் அசையவில்லை.

கடைசி வரி வந்தது. உதடு அசைந்தது, சத்தம் இல்லை. திரும்பவும் முயன்றார். தொண்டையைப் பிடித்துக்கொண்டு வாயை அகலத் திறந்தார், காற்றுக்கூட வரவில்லை. நடிக்கிறார் என்று நினைத்துக் கமராக்காரர் நிறுத்தாமல் படம் பிடித்துக்கொண்டே இருந்தார். "பிரமாதம்!" என்று வேறு சொன்னார்.

அம்புலன்ஸ் வந்தது. தொண்டையில் எந்தக் குறையும் இல்லை என்றார்களாம். மேடை ஒப்பந்தம் எல்லாம் போனது, அந்தக் குரல் திரும்பவேயில்லை. அவரை ஏற்றி அனுப்பிவிட்டு நான் ஜன்னலைத் திறந்தேன். கதிரையில் கிடந்த கொப்பியில் அந்தக் கடைசி வரியைப் பார்த்தேன், வாயை இறுக மூடிக்கொண்டுதான் பார்த்தேன். 'சொல்வதற்கு இனி என்னிடம் ஒன்றுமில்லை.' அவ்வளவுதான்.

இதோடு முடிந்திருந்தால் நானும் மனப்பிரமை என்று விட்டிருப்பேன்.

எட்டு மாதம் கழித்து ரோலண்டின் மகள் இல்லத்துக்குத் தொலைபேசியில் அழைத்து என்னைக் கேட்டாள். அப்பா விழித்திருக்கும்போது ஊமைதான், ஆனால் மத்தியானத் தூக்கத்தில் மட்டும் ஏதோ பேசுகிறார் என்றாள். அவரைப் பார்த்துக்கொள்ள வருகிற பெண் யாழ்ப்பாணத்தவளாம், அவள் கேட்டுவிட்டு இது எங்கள் பாஷை என்று அழுதாளாம். அப்பா உங்களிடம் தமிழ் படித்தாரா என்று மகள் கேட்டாள். அந்த மனிதர் என்னோடு இருந்தது முக்கால் மணித்தியாலம்.

அவர் தூக்கத்தில் பேசியதைப் பதிந்து என் கைத்தொலைபேசிக்கு அனுப்பினாள். வீட்டில் சமையலறை மேசையில் வைத்துப் போட்டேன். "வாயைத் திறவுங்கோ அம்மா... இன்னும் ஒரு வாய்... ஓம், அப்பிடித்தான்." ஐரிஸுக்குப் பேச்சு நின்ற பிறகு, கஞ்சி ஊட்டும்போது யாரும் இல்லாத அறையில் நான் தமிழில் சொன்ன வார்த்தைகள் அவை.

பக்கத்தில் கறிக்கு லீக்ஸ் வெட்டிக்கொண்டிருந்த என் மனைவிக்கு இந்தக் கதை எதுவும் தெரியாது. நிமிர்ந்துகூடப் பார்க்காமல் கேட்டாள்.

"இஞ்சேருங்கோ, உங்கட குரல்தானே அது, எப்பப் பதிஞ்சனீங்கள்?"